பார்சல் அனுப்புகிறவர்கள் கைபேசியில் முகவரி எழுதும் முறை

வாட்ஸ்அப்பில் வந்த முகவரியை அப்படியே நகலெடுத்து, தொடர்புகள் செயலியில் 'தெரு' என்று இருக்கும் கட்டத்தில் ஒட்டிவிட்டு மூடிவிடுகிறவர்கள்தான் அதிகம். திறந்து பார்த்தால் முகவரி முழுதாகத் தெரியும். ஆனால் ஊர் என்ற கட்டம் காலி, பின்கோடு கட்டம் காலி. திருச்சி வாடிக்கையாளர்கள் யார் யார் என்று பட்டியல் எடுக்க முடியாது. பின்கோடு வாரியாக அடுக்க முடியாது. லேபிள் அச்சடிக்கப் போனால் எல்லாம் ஒரே வரியில் நீளமாக வந்து விழும்.

கும்பகோணத்தில் எங்கள் வீட்டிலிருந்து நானும் என் நாத்தனாரும் பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி, வெங்காய வடகம் எல்லாம் அனுப்புகிறோம். பாதி தபாலில் போகும், பாதி கூரியரில். என்னிடம் இருப்பது ஆண்ட்ராய்டு, அவளிடம் ஐபோன். இரண்டிலும் ஒரே முகவரி ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பதற்காக நாங்கள் பிடித்துக்கொண்ட முறை இது. பொடி விற்காதவர்களுக்கும் கல்யாணப் பத்திரிகை அனுப்பும்போது உதவும்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக வரும். ஒரு முகவரியை ஒரே ஆள் படிப்பதில்லை. பின்கோடைத் தபால் பிரிக்கும் இடத்தில் படிப்பார்கள். கதவு எண்ணையும் தெருவையும் போஸ்ட்மேன் படிப்பார். 'பால் பூத்துக்கு எதிர் மாடி' என்பது கூரியர் கொண்டுவரும் தம்பிக்கு வேண்டியது. அதனால் எந்தத் துண்டை யார் படிக்கப் போகிறார் என்று பார்த்து, அதற்குரிய கட்டத்தில் எழுத வேண்டும்.

எழுதும் முன் தொடர்பு எங்கே சேமிக்கப்படுகிறது என்று பாருங்கள். ஆண்ட்ராய்டில் புதுத் தொடர்பு திறந்ததும் மேலே கூகுள் கணக்கா, கைபேசியா, சிம் கார்டா என்று கேட்கும். சிம் வேண்டாம். சிம்மில் பெயருக்கும் எண்ணுக்கும்தான் இடம், முகவரிக்கு இல்லை. கணக்கில் சேமித்தால் கைபேசி தொலைந்தாலும் முகவரி மிஞ்சும், கணினியிலும் திறக்கலாம்.

இப்போது ஒரு முகவரியைப் பிரிப்போம். மாதிரிக்காக நானே எழுதியது, ஆனால் எங்களுக்கு வருகிற செய்திகள் இப்படித்தான் இருக்கும்:

"14/6 மேல வீதி பிள்ளையார் கோயில் பக்கத்துல, அரிசி மில் மாடி, சுவாமிமலை, கும்பகோணம் தாலுகா, தஞ்சை மா. 612302. முன்கேட் பூட்டியிருந்தா பின்பக்கம் வாங்க"

இதை நான் எழுதுவது இப்படி:

தெரு: 14/6, அரிசி மில் மாடி, மேல வீதி
ஊர்: சுவாமிமலை
மாநிலம்: தமிழ்நாடு
பின்கோடு: 612302
நாடு: இந்தியா
குறிப்பு: பிள்ளையார் கோயில் பக்கம். முன்கேட் பூட்டியிருந்தால் பின்பக்கம்.

கோயிலும் முன்கேட்டும் முகவரியை விட்டு வெளியே போய், தொடர்பின் கடைசியில் இருக்கும் குறிப்புக் கட்டத்துக்கு வந்துவிட்டன. தாலுகாவையும் மாவட்டத்தையும் எடுத்தே விட்டேன். காரணம் பின்னால் சொல்கிறேன். கட்டங்களின் பெயரும் வரிசையும் கைபேசிக்குக் கைபேசி மாறும். சிலவற்றில் கூடுதல் விவரம் காட்டும் பொத்தானைத் தட்டினால்தான் எல்லாக் கட்டங்களும் தெரியும். முகவரி எழுதத் தொடங்கும் முன் நாட்டைத் தேர்ந்தெடுத்துவிடுங்கள். ஐபோனில் நாட்டை மாற்றினால் கட்டங்களும் அந்த நாட்டுக்கு ஏற்றபடி மாறும்.

பின்கோடுதான் தலை

ஆறு இலக்கத்தில் ஒன்றுகூடப் பிசகக் கூடாது. பின்கோடு 1972 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. மத்தியத் தகவல் தொடர்பு அமைச்சகத்தில் இருந்த ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர் உருவாக்கிய முறை. ஒரே பெயரில் பல ஊர்கள், ஆளுக்கொரு மொழி, ஆளுக்கொரு எழுத்துக்கூட்டல் என்று இருந்த குழப்பத்துக்கு எண்தான் விடை என்று கண்டார்கள். இன்றைக்கும் தஞ்சை என்று எழுதினாலும் தஞ்சாவூர் என்று எழுதினாலும் 613001 சரியாக இருந்தால் கட்டு சரியான பையில் விழும்.

முதல் இலக்கம் மண்டலம். 6 என்றால் தமிழ்நாடு, கேரளம், புதுச்சேரி, லட்சத்தீவு. முதல் மூன்றும் சேர்ந்து எந்தப் பிரிப்பு மாவட்டம் (தபால் பிரிக்கும் வட்டாரம்) என்று சொல்லும், கடைசி மூன்றும் எந்த டெலிவரி ஆபீஸ் என்று சொல்லும். இதைத் தெரிந்துவைத்திருந்தால் வருகிற முகவரியைக் கண்ணாலேயே சரிபார்க்கலாம். 67, 68, 69 என்று தொடங்கினால் அது பெரும்பாலும் கேரளம். அதற்கு மேலே மாநிலம் தமிழ்நாடு என்று இருந்தால் ஏதோ ஒன்று தப்பு, கேட்டுவிடுங்கள். காரைக்காலில் இன்னொரு நுணுக்கம். மயிலாடுதுறை 609001, காரைக்கால் 609602. எண் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறதே என்று காரைக்காலுக்குத் தமிழ்நாடு என்று போட்டுவிடக் கூடாது, மாநிலக் கட்டத்தில் புதுச்சேரி என்றுதான் வர வேண்டும்.

தபால் வட்டாரமும் வருவாய் மாவட்டமும் ஒன்றல்ல. வலங்கைமான் திருவாரூர் மாவட்டம், ஆனால் அதன் பின்கோடு கும்பகோணத்தைப் போலவே 612 என்று தொடங்கும். அதனால் மாவட்டத்தைப் பார்த்து பின்கோடை ஊகிக்காதீர்கள். சந்தேகம் வந்தால் அஞ்சல் துறையின் இணையதளத்தில் பின்கோடு தேடும் பக்கம் இருக்கிறது. ஊர்ப் பெயரைப் போட்டுப் பார்த்தால் போதும்.

பெரியவர்கள் இன்னும் 'சென்னை 17' என்றுதான் சொல்வார்கள். அது 600017. 'மதுரை 1' என்றால் 625001. 'திருநெல்வேலி 2' என்றால் 627002. ஊர்க் கட்டத்தில் 'சென்னை 17' என்று எழுதிவிட்டு பின்கோடைக் காலியாக விடக் கூடாது. ஊர்க் கட்டத்தில் சென்னை மட்டும், எண் முழுதாக அதன் கட்டத்தில். எண்ணுக்கு நடுவில் இடைவெளி விட்டு '600 017' என்று எழுதுவது உறையின் மேல் அழகாக இருக்கும். கைபேசியில் வேண்டாம், ஆறும் சேர்ந்தே இருக்கட்டும். இல்லாவிட்டால் '600017' என்று தேடும்போது அகப்படாது.

2025இல் அஞ்சல் துறை டிஜிபின் என்ற ஒன்றையும் கொண்டுவந்திருக்கிறது. பத்து எழுத்தும் எண்ணும் கலந்த குறியீடு, ஏறத்தாழ நான்கு மீட்டருக்கு நான்கு மீட்டர் கட்டமாக நிலத்தைப் பிரித்து இடத்தைச் சொல்வது. பெயர் ஒத்துப்போவதால் இதைக் கொண்டுபோய் பின்கோடு கட்டத்தில் எழுதிவிடாதீர்கள். இது பின்கோடுக்குப் பதில் அல்ல. யாராவது அனுப்பினால் குறிப்பில் எழுதி வையுங்கள்.

கதவு எண்ணில் வரும் சாய்கோடு

சென்னை முகவரிகளில் பழைய எண், புதிய எண் என்று இரண்டு இருக்கும். பலர் '47/22' என்று எழுதி அனுப்புவார்கள். எது புதுசு, எது பழசு? போதாக்குறைக்கு மனை பிரிந்த வீடுகளிலும் சாய்கோடுதான். மேலே பார்த்த 14/6 அப்படிப்பட்ட ஒரே எண். அதனால் பழையது புதியது என்றால் நான் சாய்கோடு போடுவதில்லை. 'புதிய எண் 47, பழைய எண் 22' என்று சொல்லாகவே எழுதிவிடுவேன். தெருவில் பாதி வீட்டில் பழைய எண் பலகைதான் தொங்குகிறது, அதனால் இரண்டுமே வேண்டும்.

அடுக்குமாடி என்றால் பிளாட் எண், மாடி, கட்டடத்தின் பெயர், தெரு என்ற வரிசையில் எல்லாமே தெருக் கட்டத்தில். சில செயலிகள் இரண்டாவது வரி என்று தனியாக ஒரு கட்டம் காட்டும். அதில் பிளாட் எண்ணை எழுதத் தோன்றும். எழுதாதீர்கள், வேறு கைபேசிக்கு மாற்றும்போது அந்த வரி என்ன ஆகும் என்று சொல்ல முடியாது. கீழே கோப்பைப் பற்றிச் சொல்லும்போது விளங்கும்.

வேறொருவர் வீட்டில் தங்கியிருப்பவர் என்றால் 'மே/பா' என்று போட்டு வீட்டுக்காரர் பெயரைத் தெருக் கட்டத்தின் தொடக்கத்தில் எழுதுங்கள். பெயர்க் கட்டத்தில் கலக்க வேண்டாம். தனி வீட்டுப் பகுதிகளில் போஸ்ட்மேனுக்கு வீட்டுக்காரர் பெயர்தான் தெரிந்திருக்கும், குடியிருப்பவர் பெயர் தெரிய நாளாகும்.

கிராமம், அஞ்சல், வட்டம், மாவட்டம்

கிராமத்து முகவரியில் ஊர், அஞ்சல், வழி, வட்டம், மாவட்டம் என்று ஐந்து பெயர் வரும். கைபேசியில் ஊருக்கு ஒரே கட்டம். எதை அங்கே வைப்பது என்பதில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். நாங்கள் பின்பற்றுவது: பின்கோடு எந்தத் தபால் ஆபீஸுக்கு உரியதோ அந்த ஆபீஸின் பெயர் ஊர்க் கட்டத்தில். கிராமத்தின் பெயர் தெருக் கட்டத்தின் கடைசியில். ஒரே பின்கோடில் பல கிளை அஞ்சலகங்கள் இருக்கும், அதனால் 'இன்ன ஊர் அஞ்சல்' என்று எழுதி அனுப்பியிருந்தால் அதையும் தெருக் கட்டத்திலேயே சேர்த்துவிடுங்கள், தூக்கிப் போடாதீர்கள்.

மாவட்டத்துக்குத் தனிக் கட்டம் இல்லை. தேவையும் குறைவு. மாவட்டம் மாறிக்கொண்டே இருக்கிறது. 2019இல் திருநெல்வேலியிலிருந்து தென்காசி பிரிந்தது. வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. 2020இல் நாகப்பட்டினத்திலிருந்து மயிலாடுதுறை வந்தது. மயிலாடுதுறைக்காரர்களின் பழைய தொடர்புகளில் 'நாகை மாவட்டம்' என்று இருப்பதெல்லாம் தப்பாகிவிட்டது, பக்கத்தில் இருக்கும் 609001 அப்படியே சரியாக இருக்கிறது. ஆனால் புதூர், நல்லூர், மேட்டுப்பட்டி மாதிரிப் பெயர் என்றால் மாவட்டத்தையும் வட்டத்தையும் தெருக் கட்டத்தின் முடிவில் எழுதுவேன். அந்தப் பெயரில் ஊர் இல்லாத மாவட்டமே இல்லை என்கிற அளவுக்கு இருக்கிறது. பின்கோடில் ஓர் இலக்கம் அழிந்து போனாலும் கட்டு திரும்பாமல் இருக்க அது கைகொடுக்கும்.

ஊர்ப் பெயரை ஒரே மாதிரி எழுதுங்கள். திருச்சி, திருச்சிராப்பள்ளி இரண்டும் சரிதான், ஆனால் உங்கள் கைபேசியில் ஒன்றுதான் இருக்க வேண்டும். நாங்கள் வீட்டில் பேசி முடிவு செய்து, ஒரு தாளில் எழுதி அடுக்களைக் கதவில் ஒட்டியிருக்கிறோம்: திருச்சி, தஞ்சாவூர், கோயம்புத்தூர், தூத்துக்குடி.

தமிழில் எழுதுவதா ஆங்கிலத்திலா? தமிழ்நாட்டுக்குள் தபாலில் போவதற்குத் தமிழே போதும், உறைமேல் தமிழில் எழுதுவதே எனக்குப் பிடிக்கும். ஆனால் கூரியர் கவுன்ட்டரில் ஆங்கிலத்தில்தான் தட்டச்சு செய்கிறார்கள். நான் சொல்லச் சொல்ல அவர்கள் அடிக்கும்போது தெருப் பெயர் வேறு உருவம் எடுத்துவிடுகிறது. வெளிமாநிலத்துக்குத் தமிழ் முகவரி உதவாது. அதனால் தமிழ்நாட்டு முகவரிகள் தமிழில், மற்றவை ஆங்கிலத்தில். ஒரே முகவரிக்குள் இரண்டையும் கலப்பதில்லை.

அடையாளம் ஏன் குறிப்பில்?

தொடர்பில் இருக்கும் முகவரியைத் தட்டினால் வரைபடம் திறந்து அந்த வரியைத் தேடும். 'முருகன் டீக்கடை எதிரில்' என்பதும் அதற்குள் இருந்தால் வரைபடம் ஏதோ ஒரு டீக்கடைக்குக் கூட்டிப் போகும். கடை மூடிப் பெயர் மாறுவதும் உண்டு. குறிப்பில் இருந்தால் அதை மட்டும் மாற்றினால் போதும். கூரியர் படிவத்தில் அடையாளம் என்று தனிக் கட்டம் இருக்கிறது, குறிப்பிலிருந்து எடுத்து அங்கே ஒட்டிவிடலாம். வாடிக்கையாளர் வரைபட இணைப்பு அனுப்பியிருந்தால் அதைத் தொடர்பின் இணையதளக் கட்டத்தில் போட்டு வைப்பேன், தட்டினால் நேரே திறக்கும்.

ராணுவத்தில் இருப்பவர்களின் முகவரி

இவர்கள் முகவரியில் தெருவும் இல்லை, ஊரும் இல்லை. பணி எண், பதவி, பெயர், படைப்பிரிவு, '56 ஏபிஓ' அல்லது '99 ஏபிஓ' (ஏபிஓ என்றால் ராணுவ அஞ்சலகம்), 9இல் தொடங்கும் பின்கோடு. இந்தியாவின் ஒன்பது அஞ்சல் மண்டலங்களில் எட்டு நிலப்பகுதிக்கு, ஒன்பதாவது ராணுவ அஞ்சல் சேவைக்கு. படைப்பிரிவு தெருக் கட்டத்தில், '56 ஏபிஓ' ஊர்க் கட்டத்தில், மாநிலம் காலி. அவர் எந்த ஊரில் இருக்கிறார் என்று வீட்டார் பேச்சுவாக்கில் சொல்லியிருக்கலாம். அதை முகவரியிலோ குறிப்பிலோ எழுதவே கூடாது. ராணுவ அஞ்சல் முறை இப்படி அமைந்திருப்பதே இடம் வெளியே தெரியாமல் இருக்கத்தான். கட்டு தானாக அவரிடம் போய்ச் சேரும்.

வெளிநாடு

சிங்கப்பூரில் பின்கோடும் ஆறு இலக்கம், 1995 முதல். அங்கே ஓர் எண் என்பது பெரும்பாலும் ஒரு கட்டடம். பிளாக் எண், தெரு, அப்புறம் # போட்டு மாடியும் வீட்டு எண்ணும், உதாரணமாக #08-123. எல்லாம் தெருக் கட்டத்தில். ஊரும் நாடும் சிங்கப்பூர், மாநிலம் காலி. வீட்டு எண்ணை விட்டுவிட்டால் கட்டு கட்டடத்தின் வாசலோடு நின்றுவிடும்.

மலேசியாவில் ஐந்து இலக்கம், ஊருக்கு முன்னால் எழுதுவார்கள். எண்ணை அதன் கட்டத்தில் எழுதி, நாட்டையும் சரியாகத் தேர்ந்தெடுங்கள். முன்னால் வருவதா பின்னால் வருவதா என்பதைச் செயலி பார்த்துக்கொள்ளும்.

இலங்கையிலும் ஐந்து இலக்கம். யாழ்ப்பாணம் 40000. வெள்ளவத்தையில் இருப்பவர்கள் 'கொழும்பு 6' என்று எழுதுவார்கள், அது 00600. முன்னால் இருக்கும் இரண்டு பூஜ்ஜியத்தையும் எழுத வேண்டும்.

துபாய்க்கு அஞ்சல் குறியீடே கிடையாது, அஞ்சல் பெட்டி எண்தான். பெரும்பாலும் வேலை செய்யும் நிறுவனத்தின் பெட்டி. அதனால் நிறுவனத்தின் பெயரும் பெட்டி எண்ணும் தெருக் கட்டத்தில், பின்கோடு காலி. கட்டம் காலியாக இருக்கிறதே என்று எதையாவது போட்டு நிரப்ப வேண்டாம்.

ஒரு கைபேசியிலிருந்து இன்னொன்றுக்கு

என் நாத்தனாருக்கு நான் ஒரு தொடர்பைப் பகிர்ந்தால் விகார்ட் என்ற கோப்பாகப் போகும். அதைக் கணினியில் சாதாரண எழுத்துக் கோப்பாகத் திறந்து பார்க்கலாம். முகவரி இருக்கும் வரி இப்படி இருக்கும்:

;;14/6, அரிசி மில் மாடி, மேல வீதி;சுவாமிமலை;தமிழ்நாடு;612302;இந்தியா

ஆறு அரைப்புள்ளி, அவை பிரிக்கும் ஏழு இடம். முதல் இடம் அஞ்சல் பெட்டி எண், இரண்டாவது பிளாட் எண் போன்ற கூடுதல் விவரம், அப்புறம் தெரு, ஊர், மாநிலம், பின்கோடு, நாடு. வரியின் தொடக்கத்தில் இரண்டு அரைப்புள்ளி சும்மா நிற்பது முதல் இரண்டு இடமும் காலி என்பதால்தான். 2011இல் வந்த விகார்ட் 4.0 தரம் அந்த இரண்டையும் காலியாகவே விடச் சொல்கிறது. ஒவ்வொரு செயலியும் அவற்றை ஒவ்வொரு விதமாகப் புரிந்துகொள்கிறது என்பதே காரணம். பிளாட் எண்ணையும் துபாய் பெட்டி எண்ணையும் தெருக் கட்டத்தில் எழுதச் சொன்னது இதற்காகத்தான். 2024இல் வந்த விரிவாக்கத்தில் மாவட்டம், கட்டடம், மாடி, அடையாளம் எல்லாவற்றுக்கும் தனி இடம் கொடுத்திருக்கிறார்கள். நம் முகவரிக்கு அளவெடுத்துத் தைத்தது போல இருக்கிறது. என் கைபேசியில் அந்தக் கட்டங்கள் இல்லை. வரட்டும், அன்றைக்கு மாற்றிக்கொள்ளலாம்.

அரைப்புள்ளி இப்படிப் பிரிப்பானாக வேலை செய்வதால், முகவரிக்குள் நீங்கள் அரைப்புள்ளி போடாதீர்கள். கால்புள்ளி மட்டும் போதும். தமிழில் எழுதிய தொடர்பை ஆண்ட்ராய்டிலிருந்து ஏற்றுமதி செய்தால் கோப்புக்குள் தமிழுக்குப் பதில் சமக்குறிகளும் எண்களுமாகத் தெரியலாம். கெட்டுப்போய்விட்டது என்று அழித்துவிடாதீர்கள். இன்னொரு கைபேசியில் திறந்தால் தமிழாகவே வரும்.

பகிரும்போது குறிப்பும் கூடப் போகக்கூடும் என்பதை நினைவில் வையுங்கள். 'பகலில் ஆள் இருக்க மாட்டார்கள், சாவி பூந்தொட்டியில்' என்று வாடிக்கையாளர் நம்பிச் சொன்னதைக் குறிப்பில் எழுதாதீர்கள். அவர் நம்மிடம் சொன்னது, நம்மோடு இருக்க வேண்டும்.

லேபிள் அச்சடிக்க

தீபாவளி, பொங்கல் சமயத்தில் கையால் எழுதி மாளாது. கூகுள் தொடர்புகளில் அனுப்ப வேண்டியவர்களுக்கு 'தீபாவளி' என்று ஒரு குறிச்சொல் போடுங்கள். கணினியில் அந்தக் குறிச்சொல்லைத் திறந்து கூகுள் சிஎஸ்வி என்ற வடிவில் ஏற்றுமதி செய்தால், தெரு ஒரு பத்தி, ஊர் ஒரு பத்தி, பின்கோடு ஒரு பத்தி என்று அட்டவணையாக வரும். முழு முகவரியும் சேர்ந்த பத்தி ஒன்றும் இருக்கும், அதைத் தொட வேண்டாம்.

இந்தக் கோப்பை இரட்டைத் தட்டில் திறந்துவிடாதீர்கள். அட்டவணைச் செயலி பின்கோடை ஒரு தொகை என்று நினைத்து, கொழும்பின் 00600ஐ 600 ஆக்கிவிடும். சிங்கப்பூரில் 0வில் தொடங்கும் எண்களுக்கும் இதே கதிதான். அதனால் லிப்ரே ஆபீஸ் கால்க் என்ற அட்டவணைச் செயலியை முதலில் திறந்து, அதிலிருந்து கோப்பைத் திறவுங்கள். முன்னோட்டம் ஒன்று வரும். அதில் பின்கோடு பத்தியின் தலையைத் தட்டி வகையை 'உரை' என்று மாற்றிவிட்டு அப்புறம் சரி கொடுங்கள்.

பிறகு பின்கோடு வாரியாக அடுக்குங்கள். 600இல் தொடங்கும் சென்னைக் கட்டுகள் எல்லாம் ஒன்றாக, 641 கோவை ஒன்றாக வந்துவிடும். லிப்ரே ஆபீஸின் எழுத்துச் செயலியான ரைட்டரில் லேபிள் வார்ப்புரு எடுத்து, பெயர் ஒரு வரி, தெரு ஒரு வரி, ஊரும் பின்கோடும் ஒரு வரி, மாநிலம் ஒரு வரி, கடைசியில் கைபேசி எண் என்று பத்திகளை வைத்துக்கொள்ளுங்கள். பின்கோடு எழுத்து மற்றதைவிடப் பெரிதாக இருக்கட்டும். பொடிப் பாக்கெட்டில் எண்ணெய்க் கசிவு இருந்தால் லேபிள் மை கலங்கும், அதனால் ஒட்டியதும் மேலே அகலமான செல்லோ டேப் ஒரு சுற்று. குறிப்புப் பத்தியை மட்டும் லேபிளில் சேர்க்காதீர்கள்.

வீடு மாறியவர்களின் பழைய முகவரியை இரண்டாவது முகவரியாக விட்டுவைப்பதில்லை. அவசரத்தில் கை அதைத்தான் தொடும். குறிப்பில் '2024 வரை அண்ணாநகர்' என்று ஒரு வரி போதும். இரண்டு முகவரியும் உண்மையிலேயே புழங்குகிறது என்றால் வீடு, அலுவலகம் என்ற வழக்கமான பெயரோடு நிற்காமல் 'ஹாஸ்டல், மே வரை', 'பொங்கலுக்கு அம்மா வீடு' என்று சொந்தமாகப் பெயர் போடலாம், செயலி அனுமதிக்கும். ஏற்றுமதி செய்யும்போது முதல் முகவரி, இரண்டாவது முகவரி என்று இரண்டு தொகுதியாக வரும். லேபிள் எடுக்கும் முன் எது முதலில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.